புலாவும் வழுதுணையும்

கார்த்திகைத் திங்கள் பிறந்து, தலைநகரின் காலைப் பனி சன்னற் கண்ணாடிகளை மறைக்கத் தொடங்கும் நாள்களில், எம் குடியிருப்பின் வாயிலில் பச்சைப் பட்டாணி வண்டி வந்து நிற்கும். அன்று மாலையே படிக்கட்டுகளின் வழியே ஒரு மணம் மேலேறி வரும். முதலில் கடுகெண்ணெய் காய்ந்து புகையும் மணம். அடுத்துச் சீரகமும் பட்டையும் பொரியும் மணம். இறுதியில் இவை எல்லாவற்றையும் தன்னுள் அடக்கிக்கொண்டு அரிசி வேகும் மணம். "கீழ்வீட்டில் தஹரி" என்று எம் மகள் புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே கூறிவிடுவாள். அரிசியும், குளிர்காலக் காய்கறிகளும், சிறிது மசாலையும் சேர்ந்த எளிய சோறு அது. விருந்துக்கு உரியதன்று, மாத இறுதியிலும் சமைக்கத் தக்கது.

அச்சோற்றின் வரலாற்றையும் அதன் உறவுமுறைகளையும் இயன்ற அளவில் எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். எழுதுமுன் ஒரு பிழையை இவ்வவையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டிய கடமை எமக்கு உண்டு. பிழையும் இவ்வவையிலேயே நிகழ்ந்தது ஆகலின்.

மூன்றாண்டுகளுக்கு முன்னர்ப் பொங்கல் விழாக் கூட்டத்தில் 'தமிழர் உணவு' என்னும் பொருள்பற்றிப் பேச எமக்கு வாய்ப்புக் கிட்டியது. பேச்சின் உச்சத்தில், "புலாவ் என்பது தூய தமிழ்ச்சொல், நம் 'புலவு' என்னும் சொல்லே பாரசீகம் சென்று புலாவ் ஆகித் திரும்பி வந்தது" என்று முழங்கினோம். அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். நண்பர் ஒருவர் மேடைக்கே வந்து பொன்னாடை போர்த்தினார். அப்போது எட்டாம் வகுப்பில் பயின்று வந்த எம் மகள் அச்செய்தியைத் தன் பள்ளித் திட்டக் கட்டுரையில் அப்படியே எழுதிவிட்டாள். ஆசிரியை அவ்வரியின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு வினாக்குறி மட்டும் இட்டுத் திருப்பி அனுப்பினார். "அப்பா, இது எந்த நூலில் இருக்கிறது?" என்று அவள் கேட்டாள். வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்று, அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக "இதற்கு ஆதாரக் கோப்பு எங்கே?" என்று பிறரைக் கேட்டே ஊதியம் பெற்றுவரும் எமக்கு, தந்தையின் சொல்லை நம்பி எழுதிய பிள்ளைக்குக் காட்ட ஒரு தாள் இல்லை. அன்று தொடங்கிய தேடலே இக்கட்டுரை.

பெயர் பற்றிய வழக்கு

'புலவு' என்றால் ஊன். ஊன் நாற்றம் என்றும் பொருள்படும். சங்க இலக்கியங்களில் இச்சொல் உண்டு. ஊனும் சோறும் கலந்து உண்ட செய்தியும் உண்டு. பாரியின் பறம்பினைப் பிரியும் கபிலர், அங்கு உண்ட கொழுவிய ஊன்சோற்றை நினைந்து கலங்குவதைப் புறநானூற்றின் 113ஆம் பாடலில் காண்கிறோம். இவ்விரண்டையும் ஒட்டவைத்துப் 'புலவுச் சோறே புலாவ்' என முடிவு கட்டுவது எளிது. யாமும் அதையே செய்தோம். ஆயின், கபிலர் காலத்தார் அச்சோற்றுக்கு இட்ட பெயர் ஊன்சோறு, புலவு அன்று. புலவு என்னும் சொல் ஒரு சமையலின் பெயராக வழங்கியதற்கு நாம் காட்டத்தக்க சான்று சங்கப் பாடல்களில் இல்லை. இடையில் பாலம் இல்லாத ஆற்றின் இரு கரைகளையும் காட்டி, இதோ பாதை என்றோம்.

வடமொழிப் பற்றாளர்க்கும் இவ்வழக்கில் ஒரு கட்சி உண்டு. 'புலாகம்' என்றால் வடமொழியில் சோற்றுப் பருக்கை என்று பொருள். பானையில் ஒரு பருக்கையைப் பதம் பார்த்து முழுச்சோற்றையும் அறியும் முறைக்கு 'ஸ்தாலீபுலாக நியாயம்' என்று பெயரிட்டு அவர்கள் தருக்க நூலிலும் வைத்திருக்கிறார்கள். "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் பாட்டிமார் கூறுவதும் அதுவே. இந்தப் புலாகமே பாரசீகத்தில் 'பொலோ' ஆயிற்று என்பார் உளர். பொருள் நோக்கின் இக்கட்சி எம் கட்சியினும் சற்று வலியது. அதுவும் அரிசியைப் பற்றிய சொல்லன்றோ! ஆயினும் இதுவும் அறுதியிட்டு நிறுவப்பட்டதன்று. நெய்யில் மசாலையும் இறைச்சியும் தாளித்து, அளந்த நீரில் அரிசியை உதிரி உதிரியாக வேகவைக்கும் முறையும், அதற்குப் 'பொலோ', 'பிலாவ்', 'பலோவ்' என்னும் பெயர்களும், பாரசீகத்திலும் நடு ஆசியாவிலும் துருக்கியிலும் பரவி நிற்கின்றன. நம் நாட்டில் புலாவ் என்னும் பெயரை வேரூன்றச் செய்தவர்கள் பாரசீக மொழி பேசிய அரசவையினர் என்ற அளவில் நிற்பதே நேர்மை.

இதனை எழுதும்போது எம் கை சிறிது தயங்கியது என்பதையும் மறைக்கவில்லை. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு, "இதுவும் நம்முடையது" என்று கூறிக்கொள்ளும்போது நெஞ்சில் ஒரு வெம்மை பரவுகிறது. அந்த வெம்மைக்காகவே அன்று கைதட்டினார்கள். அந்த வெம்மைக்காகவே யாமும் கூறினோம்.

அக்பரின் அடுக்களை

ஏறத்தாழ 1590இல் அபுல் ஃபசல் முற்றுவித்த 'ஆயின்-இ-அக்பரி'யில் அரசரின் சமையற்கூடத்தைப் பற்றித் தனிப்பகுதிகள் உள்ளன. அரண்மனைப் பாகங்களை அவர் மூவகையாகப் பிரிக்கிறார். ஊன் இன்றிச் சமைப்பன முதல்வகை. அவற்றுக்குச் 'சூஃபியானா' என்று பெயர். ஊனும் அரிசியும் சேர்வன இரண்டாம் வகை. ஊனும் மசாலையும் சேர்வன மூன்றாம் வகை. அக்பர் தம் வாழ்நாளின் பிற்பகுதியில் பல நாள்கள் ஊனைத் தவிர்த்தவர். ஆகலின் முதல்வகையை ஏழைகளின் உணவென்று கருதிவிடலாகாது. அவ்வகையில் வரும் கிச்சடிக்கு அரிசி ஐந்து சேர், துவரையன்று, பாசிப்பருப்பு ஐந்து சேர், நெய் ஐந்து சேர் என்று அளவு காட்டியிருக்கிறார். அரிசிக்குச் சமமாக நெய்! இவ்வரியைப் படித்துக் காட்டியபோது எம் இல்லத்தரசியார், "அந்த அரண்மனைக்கு ரேஷன் கார்டு கிடையாதுபோலும்" என்றார்.

கிச்சடி அக்பருக்கு முற்பட்டது. 1333ஆம் ஆண்டையொட்டித் தில்லிக்கு வந்து, முகமது பின் துக்ளக்கின் அவையில் நீதிபதியாகப் பணியாற்றிய மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, பாசிப்பருப்பும் அரிசியும் சேர்த்து வேகவைத்து நெய்யுடன் இந்நாட்டார் நாள்தோறும் காலையில் உண்பதைக் குறித்திருக்கிறார். அவரே பின்னர் மதுரைக்கும் சென்றார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1618ஆம் ஆண்டையொட்டிக் குஜராத்தில் தங்கிய சகாங்கீர், கம்பும் பயறும் சேர்ந்த கிச்சடியைச் சுவைத்து, ஊன் தவிர்க்கும் நாள்களில் தமக்கு அதைப் படைக்குமாறு ஆணையிட்டதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இந்தக் கிச்சடி தமிழ்நாடு வந்தபின் அரிசியைக் கைவிட்டு ரவைக்குத் தாவியது எவ்வாறு என்பது வேறொரு மலருக்கு உரிய ஆராய்ச்சி.

ஆயினின் முதல்வகையில் மற்றொரு பாகம் 'சர்த் பிரிஞ்ச்'. சர்த் என்றால் மஞ்சள். பிரிஞ்ச் என்றால் அரிசி. அரிசி, கற்கண்டு, நெய், உலர்திராட்சை, பாதாம், பிஸ்தா, இஞ்சி, குங்குமப்பூ, பட்டை ஆகியன சேர்ந்த இனிப்புச் சோறு அது. சென்னையில் பிறந்து வளர்ந்த அன்பர்கள் இவ்விடத்தில் காதைத் தீட்டிக்கொள்வர். அவர்தம் நகரத்தின் சிற்றுண்டிச் சாலைகளிலும் திருமணப் பந்திகளிலும் தேங்காய்ப்பாலும் காய்கறியும் சேர்த்துப் படைக்கப்படும் 'பிரிஞ்சி'யின் பெயர் அந்தப் பாரசீகப் பிரிஞ்சிலிருந்தே வந்தது. அதில் இடும் இலையைப் பிரிஞ்சி இலை என்கிறோம். கீழ்வீட்டார் அதனையே 'தேஜ்பத்தா' என்கிறார்கள். ஆகவே, நம் அஞ்சறைப் பெட்டிக்குள் ஒரு பாரசீகச் சொல் காய்ந்த இலை வடிவில் பன்னாள்களாகக் குடியிருந்து வருகிறது. பிரிஞ்ச் என்பதற்கும் வடமொழி 'வ்ரீஹி'க்கும் உறவு உண்டென்பர். அதற்கும் நம் 'அரிசி'க்கும் உறவு கூறுவாரும் உளர். சுட்ட கை ஆகலின் அதற்குள் யாம் புகவில்லை.

தேடாமற் கிடைத்தது

ஆயினின் அப்பட்டியலைப் பலமுறை படித்தும் யாம் கடந்து சென்ற ஒரு வரி இருந்தது. சூஃபியானா வகையில் கிச்சடிக்கும் கீரைக்கும் அருகே 'பாதின்ஜான்' என்று ஒரு பாகம். நெய், வெங்காயம், இஞ்சி, எலுமிச்சைச் சாறு, மிளகு, கொத்துமல்லி விதை, கிராம்பு, ஏலம், பெருங்காயம் சேர்த்துச் சமைப்பது. பாதின்ஜான் என்றால் கத்தரிக்காய். யாம் புலாவின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தமையால் கத்தரிக்காயை நோக்கவில்லை. அகராதியைப் புரட்டியவள் எம் மகள்தான்.

கத்தரிக்காய்க்குப் பழந்தமிழ்ப் பெயர் 'வழுதுணை'. வழுதுணங்காய் என்றும் கூறுவர். புல்வேளூரில் பூதன் என்பான் இட்ட வரகரிசிச் சோற்றையும், வழுதுணங்காய் வதக்கலையும், புளித்த மோரையும் உண்டு ஔவையார் பாடிய தனிப்பாடலை நம்மில் பலர் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். உலகம் எல்லாம் பெறும் என்று அவர் மதிப்பிட்ட அவ்வுணவில் ஒரு சோறு, ஒரு காய், ஒரு மோர், அவ்வளவே. இன்று தமிழ்நாட்டில் வழுதுணை என்னும் சொல் வழக்கிழந்தது. மலையாள நண்பர்கள் மட்டும் 'வழுதனங்ங' என்று இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

இச்சொல்லின் வழியைச் சொற்பிறப்பு ஆய்வாளர் பலர் பின்வருமாறு காட்டுவர். வழுதுணை என்பதோடு உறவுடைய ஒரு பழந்திராவிடச் சொல் வடமொழியில் 'வாதிங்கண' ஆயிற்று. அது பாரசீகத்தில் 'பாதிங்கான்'. அரபு மொழியில் 'பாதின்ஜான்'. அரபியர் அக்காயை ஸ்பெயினுக்குக் கொண்டுசென்றபோது சொல்லும் உடன் சென்றது. ஸ்பானியர் 'பெரென்ஹேனா' என்றனர், போர்ச்சுகீசியர் 'பெரின்ஜெலா' என்றனர். அப்போர்ச்சுகீசியர் 1498இல் வாஸ்கோ ட காமாவின் பின்னே கோழிக்கோட்டில் வந்திறங்கி, அச்சொல்லை மீண்டும் இக்கரையில் இறக்கினர். அவர் சொல்லே இந்திய ஆங்கிலத்தில் 'பிரிஞ்சால்' ஆயிற்று. எம் அலுவலக உணவகத்தின் விலைப்பட்டியலில் 'பிரிஞ்சால் ஃப்ரை' என்று எழுதியிருப்பதை இருபது ஆண்டுகளாகப் படித்து வந்தோம். அது உலகத்தைச் சுற்றித் திரும்பி வந்த நம் ஊர்க்காரி என்பதை அறியோம். இந்தியில் 'பைங்கன்' என்பதும், மராத்தியில் 'வாங்கி' என்பதும் அந்த வாதிங்கணத்தின் வழியே பிறந்தவை. (பிரிஞ்சிக்கும் பிரிஞ்சாலுக்கும் உறவில்லை. ஒலி ஒப்புமையால் ஒருமுறை ஏமாந்த யாம் இம்முறை விழிப்பாக இருந்தோம்.)

வாங்கி என்றதும் 'வாங்கிபாத்' நினைவுக்கு வரும். பாத் என்றால் மராத்தியில் சோறு. கருநாடகத்து அடுக்களைகளிலும், 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்ட தஞ்சையிலும் இக்கத்தரிக்காய்ச் சோறு செல்வாக்குப் பெற்றது. கன்னட நாட்டில் மூன்றாம் மங்கரசன் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமையலுக்கென்றே 'சூபசாஸ்திரம்' என்னும் நூல் யாத்தவன். அதில் கத்தரிக்காய்க்குத் தனி இடமே ஒதுக்கினான். எனவே, கடலை மாவும் மசாலைப் பொடியும் தூவிய கவர்ச்சியான பெயர் எதுவாயினும், கத்தரிக்காயைச் சோற்றோடு கூட்டும் கலை நம் தென்னாட்டுக்குப் புதியதன்று.

பெரும்பாணாற்றுப்படையிலும் ஒரு காய்கறிப் பாகம் உண்டு. அந்தணர் இல்லத்தில் பாணர்க்குக் கிடைக்கும் விருந்தைக் கூறும் இடத்தில், மாதுளையின் பிஞ்சைப் பிளந்து, மிளகுப்பொடி தூவி, கறிவேப்பிலை கலந்து, பசுவின் மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் வேகவைத்த பொரியலைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். உடன் மாவடு ஊறுகாயும் உண்டு. அக்காலத்தில் 'கறி' என்றாலே மிளகு. அகநானூற்றின் 149ஆம் பாடல், யவனர் மரக்கலங்கள் பொன்னொடு முசிறிக்கு வந்து கறியொடு மீண்டதைக் கூறும். பின்னாளில் மிளகிட்டுச் சமைத்த பண்டத்துக்கே கறி என்னும் பெயர் ஆயிற்று; இன்று அச்சொல் இலண்டன் கடைத்தெரு வரை விளங்குகிறது. தமிழுக்குப் பெருமை தேடுவோர்க்கு இங்கே ஆதாரம் உள்ள பெருமை இருக்க, ஆதாரமில்லாத புலாவைப் பற்றிக்கொண்டு யாம் மேடையேறியதை எண்ணி நாணுகிறோம்.

வந்தேறிய காய்கள்

கீழ்வீட்டுத் தஹரியில் விழும் காய்களை எண்ணிப் பார்த்தால் அவற்றிற் பல நம்மைப் போலவே பிறநாட்டிலிருந்து குடிபெயர்ந்தவை. உருளைக்கிழங்கும் தக்காளியும் பச்சைமிளகாயும் அமெரிக்கக் கண்டத்தின் மக்கள். போர்ச்சுகீசியரும் பிற ஐரோப்பியரும் கொணர்ந்தவை. மிளகாய் வந்தபோது அதற்குப் புதுப்பெயர் தேட நம் முன்னோர் மெனக்கெடவில்லை. மிளகைப்போல் காரமுள்ள காய், எனவே மிளகாய். தக்காளியை நெடுநாள் 'சீமைத்தக்காளி' என்றே அழைத்தார்கள். காலிஃபிளவர் வந்தது இன்னும் பிந்தி. 1822இல் இங்கிலாந்திலிருந்து அதன் விதை சகாரன்பூர்க் கம்பெனித் தோட்டத்துக்கு வந்ததாகத் தோட்டக்கலை நூல்கள் குறிக்கின்றன. அங்கிருந்து அது வடநாட்டுக் குளிர்காலத்தையே தனதாக்கிக்கொண்டது. பட்டாணி மட்டுமே இக்கூட்டத்தில் தொல்குடி.

அக்பரின் அடுக்களையில் உருளைக்கிழங்கும் இல்லை, மிளகாயும் இல்லை. இதனை நூலில் படித்தபோது எம் பாட்டியார் நினைவு வந்தது. அவர் திவச நாளில் அடுப்பங்கரைக்குள் மிளகாயை விடமாட்டார், மிளகுதான். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பீன்ஸ், காரட்டு, தக்காளி ஆகிய 'இங்கிலீஷ் காய்'களுக்கு அன்று அனுமதி இல்லை. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு, பயறு இவற்றோடு சமையல் முடிந்துவிடும். சிறுவயதில் அதனை வெறும் மடி ஆசாரம் என்றே எண்ணியிருந்தோம். இப்போது சிந்தித்தால், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னைய தமிழ் அடுக்களையை ஆண்டுக்கு ஒருநாள் அவர் அப்படியே திறந்து காட்டிக்கொண்டிருந்தார் என்பது விளங்குகிறது. எந்த ஆவணக் காப்பகத்திலும் இத்துணைத் துல்லியமான கோப்பு இல்லை.

எழுத்தர்களின் சோறு

இனித் தஹரிக்கு வருவோம். இது அவத் எனப்படும் இலக்குமணபுரி வட்டாரத்திலும் தில்லியிலும் பரவிய உணவு. இதன் பிறப்புக்குக் கூறப்படும் கதை எம் தொழிலோடு தொடர்புடையது. 1582இல் தோடர்மால் வருவாய்த் துறைக் கணக்குகளை எல்லா மட்டத்திலும் பாரசீகத்திலேயே எழுத வேண்டும் என்று விதித்தபின், காயஸ்தரும் கத்ரியரும் பாரசீகம் பயின்று அரசின் எழுத்தராகவும் கணக்கராகவும் பெருகினர். நவாபுகளின் காலத்தில், புலாவின் மணத்தை நுகர்ந்தும் ஊன் உண்ண இயலாத அவ்வெழுத்தர்களுக்காக, ஊனுக்குப் பதில் காய்கறியை இட்டுச் சமைத்ததே தஹரி என்று கூறுவார்கள். பிறமொழி கற்று, பிற ஊர் சென்று, மேலவர் எழுதச் சொன்னதை எழுதிக் காலம் கழித்த அம்முன்னோடிகளை நினைக்கும்போது எமக்குப் பாசம் பொங்கியது உண்மை. 1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 1931இல் புதுதில்லி திறக்கப்பட்டபின், தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற தமிழ் இளைஞர்கள் கோப்புகளின் பின்னே இங்கு வந்து சேர்ந்ததும் இதே கதையின் மற்றோர் இயல் அன்றோ!

கதை இனிமையாக இருந்தமையால் ஐயமும் வந்தது. முன்பட்ட சூடு அத்தகையது. கீழ்வீட்டு மூதாட்டியார் காயஸ்த குலத்தவர். நாங்கள் அவரை மாதாஜி என்போம். அவரிடமே கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். "மகனே, எங்கள் ஆண்கள் எப்போது இறைச்சியை விட்டார்கள்? என் மாமனார் ஞாயிறுதோறும் தம் கையாலேயே சமைப்பார். விரதம் இருந்தவர்கள் நாங்கள், பெண்கள். தஹரி எங்களுக்கு ஆனது, வேலைக்காரம்மா வராத நாளில் ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும்" என்றார். காயஸ்தர் இல்லங்களின் ஊன் சமையல் வடநாட்டில் புகழ்பெற்றது என்பதைப் பின்னர்ப் பலரும் உறுதிசெய்தனர். ஆகவே, சைவ எழுத்தர் கதையை யாம் நம்பவில்லை. பெண்களின் விரத நாளும், ஒரே பாத்திரமும் எமக்கு நம்பத்தக்கனவாகத் தோன்றுகின்றன. பெரும்பாலான உணவுகளின் வரலாறு நவாபுகளிடம் தொடங்குவதில்லை. பாத்திரம் தேய்ப்பவரிடம் தொடங்குகிறது. ஆனால் அவர் எழுதிவைக்கவில்லை.

சமைக்கும் முறை

மாதாஜியிடம் எம் இல்லத்தரசியார் கற்ற முறை இது. நால்வர்க்கு இரண்டு ஆழாக்கு அரிசியைக் களைந்து அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். பழைய அரிசி நன்று, புத்தரிசி குழையும். அடிகனத்த பாத்திரத்தில் மூன்று கரண்டி கடுகெண்ணெயைப் புகையெழக் காய்ச்சி, அடுப்பைத் தணித்துக்கொள்ள வேண்டும்; புகையாத கடுகெண்ணெய் பச்சை நாற்றம் வீசும். நான்காக அரிந்த உருளைக்கிழங்கையும், பெரிய பூக்களாகப் பிரித்த காலிஃபிளவரையும் முதலில் அவ்வெண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்து வைத்துவிடுவர். காலிஃபிளவரை முதலிலிருந்தே சோற்றில் விட்டால் உருத்தெரியாமல் கரைந்துவிடும். தஹரி கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பின்னர்ச் சீரகம், பிரிஞ்சி இலை இரண்டு, கிராம்பு நான்கு, பட்டை ஒரு துண்டு, கரிய பெரிய ஏலக்காய் ஒன்று. அவை வெடித்ததும் வெங்காயம், தட்டிய இஞ்சி, கீறிய பச்சைமிளகாய். வெங்காயம் பொன்னிறமானதும் மஞ்சள்பொடி சற்றுத் தாராளமாக, கொத்துமல்லிப்பொடி ஒரு கரண்டி. பட்டாணியும் நீர் வடித்த அரிசியும் சேர்த்து, அரிசி முறியாமல் இரண்டு நிமிடம் புரட்டி, வறுத்த காய்களை இட்டு, ஊறிய அரிசியாதலால் இரட்டிப்புக்குச் சற்றுக் குறைந்த நீரும் உப்பும் சேர்த்து, கொதி வந்ததும் மூடி, தீயைச் சிறுத்துவிட வேண்டும். நீர் வற்றியபின் திறக்காமல் பத்து நிமிடம் வைத்திருப்பதில்தான் பொறுமை வேண்டும். தயிர், கொத்துமல்லித் துவையல், அப்பளம், மேலே ஒரு துளி நெய். குக்கரிலும் செய்யலாம், மாதாஜி அதனை ஒப்புவதில்லை.

ஒன்று கூற மறந்தோம். 2003இல் பணியேற்க இங்கு வந்த புதிதில், அலுவலக நண்பர் ஒருவர் தம் இல்லத்துக்கு உணவுண்ண அழைத்தார். ரொட்டிகள் வந்துகொண்டே இருந்தன. சோறு வரும் என்று காத்து, இரண்டே ரொட்டியோடு கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தோம். இறுதியில் பட்டாணி போட்ட புலாவ் வந்தது, ஒரு சிறு கரண்டி அளவில்! ரொட்டி தலைவன், சோறு துணை என்னும் அந்நாட்டு முறை எமக்குத் தெரியாது. பசியோடு பேருந்து ஏறினோம். நமக்குச் சோறே உணவு. மற்றவை எல்லாம் தொட்டுக்கொள்ள. ஆடிப்பெருக்கில் ஆற்றங்கரையில் நாம் பிசைந்து பகிரும் புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் ஆகியவற்றுக்கும் புலாவுக்கும் உள்ள அடிப்படை வேற்றுமையும் இங்கு நோக்கத்தக்கது. நாம் சோற்றை வடித்து ஆறவைத்து, அதன்பின் சுவையைக் கலக்கிறோம். அவர்கள் அரிசியையே சுவையில் வேகவைக்கிறார்கள். வடித்துக் கலப்பது, கலந்து வேகவைப்பது என இரண்டு கலைகள். இவற்றுள் எது மூத்தது என்னும் வழக்கை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று எம் மகள் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறாள்.

சென்ற குளிர்காலத்தில் ஊரிலிருந்து எம் அன்னையார் வந்து இரண்டு திங்கள் தங்கினார். தஹரி சமைக்கும் நாளில் அடுப்பருகே நின்றவர், "உருளைக்கிழங்கையே எத்தனை நாள் போடுவது? பிஞ்சுக் கத்தரிக்காய் நாலு போட்டால் என்ன?" என்றார். முனீர்க்காக் கடையில் வாங்கிய நல்லெண்ணெயும் ஒரு கரண்டி கலந்தது, கறிவேப்பிலையும் விழுந்தது. ஒரு பாத்திரம் கீழ்வீட்டுக்குச் சென்றது. மாதாஜி உண்டுவிட்டு, "பைங்கன் போட்ட தஹரியை இப்போதுதான் பார்க்கிறேன், ஆனால் ஏன் போடக்கூடாது?" என்று கேட்டனுப்பினார். எம் மகள் படியில் அமர்ந்து, பைங்கன், வாதிங்கண, வழுதுணை என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தது மேலிருந்து எமக்குக் கேட்டது. இம்முறை அவள் கையில் அகராதிப் பக்கத்தின் படி இருந்தது. எட்டாம் வகுப்புக் கட்டுரையையும் அவள் எடுத்து வைத்திருக்கிறாள். வினாக்குறிக்குப் பக்கத்தில் பென்சிலால், 'புலாவ் அன்று. பிரிஞ்சால்' என்று திருத்தியிருக்கிறாள்.

மறுநாள் பாத்திரம் திரும்பி வந்தபோது அதில் அன்னையார் பெயரறியாத ஒரு காரட்டு அல்வா இருந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பலாகாது என்பது அவர்கள் வழக்கம். நம் வழக்கமும் அதுவே. அவர்கள் வீட்டுக் கிண்ணம் ஒன்றும் எங்களிடம் நின்றுபோயிருந்தது. அன்னையார் அன்று காலை கிளறிய புளியோதரையை அதில் நிரப்பி, எம் மகள் மீண்டும் படியிறங்கினாள்.